திருப்பூர் வெயிலுக்கும் பஞ்சுக்கும் ஒல்லியான கேமிங் லேப்டாப் தாங்குமா?

நூல்கண்டு (பல்லடம்) கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சாம்பிள் செக்‌ஷனில் வேலை பார்க்கிறேன். பேட்டர்ன் போட்டு, க்ளோ 3டி என்கிற துணி டிசைன் சாஃப்ட்வேரில் உருவத்துக்கு உடுத்திக் காட்டுவோம். பையர் சரி சொன்ன பிறகுதான் நிஜத் துணியை வெட்டுவார்கள். ஆபீஸ் கம்ப்யூட்டர் ரொம்பப் பழசு, சிமுலேஷன் போட்டால் டீ குடித்துவிட்டு வரலாம். அதனால் சொந்தமாக ஒரு கேமிங் லேப்டாப் வாங்கி, பகலில் வேலைக்கும் ராத்திரி விளையாடவும் வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். நான் எல்டன் ரிங் ஆடுவேன், தம்பிக்கு வாலரன்ட்.

பட்ஜெட் 85 ஆயிரம், இழுத்துப் பிடித்தால் 90. இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். பெயரைச் சொன்னால் கம்பெனிச் சண்டையாகிவிடும், அதனால் ஒல்லி, குண்டு என்றே சொல்கிறேன். ஒல்லி 1.98 கிலோ, பார்க்க அவ்வளவு அழகு. குண்டு 2.4 கிலோ, சார்ஜரே ஒரு செங்கல் அளவு. இரண்டிலும் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4050 கிராஃபிக்ஸ் சிப், அதில் 6 ஜிபி நினைவகம், 16 ஜிபி ராம், நொடிக்கு 144 முறை படம் மாறுகிற 144 ஹெர்ட்ஸ் திரை. விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். தினமும் பஸ்ஸில்தான் போய் வருகிறேன், பாதி நாள் நின்றுகொண்டு. வீட்டில் என் ரூம் மாடியில், சிமெண்ட் ஷீட் போட்டது. சித்திரை, வைகாசியில் ராத்திரி பத்து மணிக்கும் அனல் இறங்காது. ஆபீஸில் எங்கள் செக்‌ஷனுக்கு அடுத்த சுவருக்கு அந்தப் பக்கம் நிட்டிங். காலையில் துடைத்த டேபிளில் மத்தியானம் பஞ்சு படிந்திருக்கும்.

சிப் ஒன்றுதானே, கனம் குறைவானதை எடுத்தால் என்ன என்பதுதான் என் கேள்வி.


கிராஸ்கட் (கோவை):

குண்டையே எடுங்கள். நானும் அந்த வகைதான் வைத்திருக்கிறேன். அரைக் கிலோ கூடுதல் கனம் ஒரு வாரத்தில் தோளுக்குப் பழகிவிடும். ஆனால் 4050 என்று முடிவு செய்யும் முன் அடுத்த தலைமுறைச் சிப்பான 5050 கிடைக்கிறதா பாருங்கள். 2025ல் வந்தது, லேப்டாப்பில் 8 ஜிபி நினைவகம். இன்றைய பெரிய விளையாட்டுகளில் டெக்ஸ்சரை (படத்தின் நுணுக்கத்தை) கூட்டி வைத்தால் 6 ஜிபி சீக்கிரம் நிரம்பிவிடுகிறது. அப்படி நிரம்பினால் சராசரி ஃபிரேம் (நொடிக்கு எத்தனை படம் என்பது) நன்றாக இருந்தாலும் நடுநடுவே விக்கும்.


பெஞ்ச் (ஈரோடு):

அம்மிணி, நான் ஈரோட்டில் லேப்டாப் சர்வீஸ் செய்கிறேன். பள்ளிபாளையம், குமாரபாளையம், சென்னிமலை என்று தறி ஓடுகிற ஊர்களிலிருந்துதான் என் மேஜைக்கு அதிகம் வருகிறது. நீங்கள் சொல்லும் இடத்தில் ஒரு லேப்டாப் என்ன பாடுபடும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

சிப் ஒன்றுதானே என்று கேட்டீர்கள். பெயர் மட்டும்தான் ஒன்று. லேப்டாப்பில் வரும் 4050க்கு என்விடியா 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை இடம் விட்டிருக்கிறது. அதற்குள் எவ்வளவு கொடுப்பது என்பதை லேப்டாப் செய்கிற கம்பெனி முடிவு செய்யும். உடம்பு மெலிந்தால் வெப்பத்தை வெளியே தள்ள இடம் இருக்காது, அதனால் வாட்டைக் குறைப்பார்கள். நீங்கள் சொல்லும் எடையில் 4050 என்றால் 45 வாட்டாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. 2.4 கிலோவில் நூறை ஒட்டி இருக்கும். 2017லிருந்து சில வருடம் ஒல்லி லேப்டாப் சிப்புக்கு மேக்ஸ்-க்யூ என்று பெயரோடு ஒட்டி வரும், பார்த்ததும் தெரிந்துவிடும். 2021ல் லேப்டாப்புக்கு ஆர்டிஎக்ஸ் 30 வரிசை வந்தபோது அந்த ஒட்டுப்பெயரை எடுத்துவிட்டார்கள். இப்போது பெட்டியின் மேல் 4050 என்பதைப் பார்த்து நீங்கள் ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

கடையிலேயே இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. டிஸ்ப்ளேக்கு வைத்திருக்கும் பீஸில் என்விடியா கண்ட்ரோல் பேனலைத் திறந்து, ஹெல்ப் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனுக்குப் போங்கள். மேக்ஸிமம் கிராஃபிக்ஸ் பவர் என்று ஒரு வரி இருக்கும், அதற்கு நேரே வாட் போட்டிருக்கும். விற்பவர் என்ன சொன்னாலும் அந்த எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்.

45 வாட் என்றால் ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒல்லி உடம்புக்கு 45 வாட் கொடுத்தவன் நேர்மையாகக் கணக்குப் போட்டிருக்கிறான். எனக்குப் பயம், அதைவிட மெல்லிய உடம்பில் இன்னும் பெரிய சிப்பான 4060ஐ வைத்து நூறு வாட் என்று எழுதி விற்பவர்களைப் பார்த்தால்தான். முதல் பத்து நிமிடம் பறக்கும், அப்புறம் படுத்துவிடும். 45க்கும் நூறுக்கும் உள்ள வித்தியாசம் விளையாட்டைப் பொறுத்தது. வாலரன்ட்டுக்கு இரண்டும் ஒன்றுதான், அது சிபியுவைத்தான் அதிகம் கேட்கும். எல்டன் ரிங் 60 ஃபிரேமுக்கு மேல் போகாதபடி பூட்டி வைத்த விளையாட்டு, அங்கே 144 ஹெர்ட்ஸ் திரையால் பிரயோஜனம் இல்லை. வித்தியாசம் தெரியப்போவது க்ளோவில். துணி விழுகிற கணக்கை என்விடியா கார்டில் ஓட்டினால் அந்த வாட் முழுவதும் வேலை செய்யும். உங்களுக்குச் சம்பளம் தருகிற வேலை அதுதானே.

அடுத்து வெயில். யூடியூப்பில் ரிவ்யூ போடுகிறவர்கள் ஏசி ரூமில் 25 டிகிரியில் உட்கார்ந்து அளக்கிறார்கள். கோயம்புத்தூர்க்காரர்களுக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இருக்கிறது. ஈரோடு, கரூர்ப் பக்கமும் உங்கள் ஷீட் ரூமும் அப்படி இல்லை. இன்டெல் ஹெச் வரிசை சிபியு 100 டிகிரி வந்தால் தன்னைத் தானே மட்டுப்படுத்திக்கொள்ளும். வெப்பம் எவ்வளவு வெளியே போகும் என்பது சிப்பின் சூட்டுக்கும் ரூமின் சூட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பொறுத்தது. 25 டிகிரி ரூமில் அந்த இடைவெளி 75. உங்கள் ரூமில் 35 என்றால் இடைவெளி 65 ஆகிவிடும். ரிவ்யூக்காரர் 100 வாட் வாங்கிய இடத்தில் உங்களுக்கு 87 வாட்டை ஒட்டித்தான் கிடைக்கும். லேப்டாப்பில் ஒரு குறையும் இருக்காது, ஃபேன் முழு வேகத்தில் கத்தும், ஆனாலும் அவ்வளவுதான். அதனால் எந்த ரிவ்யூவைப் பார்த்தாலும் சூட்டில் பத்து டிகிரியைக் கூட்டிப் படியுங்கள். அங்கே 95ல் ஓடியது என்றால் உங்கள் வீட்டில் அதற்கு மூச்சுவிட இடம் இல்லை. 80ல் ஓடியது என்றால் தாராளமாக எடுக்கலாம்.

இனி பஞ்சு. எனக்கு இதுதான் பெரிய விஷயம். ரோட்டுத் தூசி மண், ஃபேன் ஊதினால் பாதி வெளியே போய்விடும். பஞ்சு அப்படிப் போகாது, ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். ஃபேன் இழுக்கிற காற்றோடு உள்ளே போய், வெப்பத்தை வெளியே தள்ளும் ஹீட்சிங்க்கின் செம்புத் தகடுகள் ஆரம்பிக்கும் இடத்தில் அடைந்துகொள்ளும். ஒல்லி லேப்டாப்பில் அந்தத் தகடுகள் மெலிதாக, ரொம்ப நெருக்கமாக இருக்கும். முதல் நாலு இழை குறுக்கே விழுந்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் அதன் மேல் படியும். கவரைக் கழற்றி, ஃபேனை எடுத்துவிட்டு இடுக்கியால் ஓரத்தைப் பிடித்தால் பாலாடை மாதிரி ஒரே பட்டையாக வரும். தறிக் குடோனிலிருந்து வந்த ஒன்றில் அந்தப் பட்டை வரிவரியாக இருந்தது. அடியில் வெள்ளை, நடுவில் கருநீலம், மேலே மறுபடி வெள்ளை. எந்தக் கலர் நூல் எப்போது ஓடியது என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். கொண்டுவந்தவர், ஃபேன் நன்றாகத்தான் சுற்றுகிறது, போர்டில்தான் கோளாறு என்றார். ஃபேன் சுற்றியது உண்மை. வென்ட், அதாவது சூடான காற்று வெளியே வரும் ஓட்டைப் பக்கம் கையை வைத்தால் காற்றே இல்லை. இதை நீங்களும் பழகிக்கொள்ளுங்கள். விளையாடும்போது பக்கவாட்டு வென்ட்டில் கை வையுங்கள். சத்தம் அதிகம், காற்று குறைவு என்றால் அடைத்துக்கொண்டது என்று அர்த்தம்.

அதனால் கடையில் லேப்டாப்பைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். சாதாரண பிலிப்ஸ் ஸ்க்ரூவா, கவரைக் கழற்றினால் ஃபேன் நேராகக் கைக்கு வருமா? சில ஒல்லி மாடல்களில் போர்டைத் தலைகீழாக வைத்திருப்பார்கள். ஃபேனைத் தொடவே முழுவதையும் பிரிக்க வேண்டியிருக்கும். உங்கள் இடத்துக்கு அப்படிப்பட்டது வேண்டவே வேண்டாம். மாடல் பெயரோடு டிஸ்அசெம்ப்ளி என்று போட்டுத் தேடினால் யூடியூப்பில் வீடியோ இருக்கும். வாங்குவதற்கு முன்பே பாருங்கள்.

திரையைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை, ஆனால் உங்கள் தொழிலுக்கு அதுதான் உயிர். திரை எவ்வளவு கலரைக் காட்டும் என்பதற்கு என்டிஎஸ்சி, எஸ்ஆர்ஜிபி என்று இரண்டு அளவு உண்டு. விவரப் பட்டியலில் 45 சதவீதம் என்டிஎஸ்சி என்று இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். எஸ்ஆர்ஜிபி முழுவதையும் காட்ட என்டிஎஸ்சி கணக்கில் ஏறக்குறைய 72 வேண்டும். 45 என்றால் எஸ்ஆர்ஜிபியில் அறுபது சதவீதத்தை ஒட்டித்தான் வரும். சிவப்பு வெளுத்துவிடும். பையருக்கு மெரூன் என்று காட்டுவது உங்கள் திரையில் செங்கல் கலரில் தெரியும். நூறு சதவீதம் எஸ்ஆர்ஜிபி என்று எழுதியிருப்பதை எடுங்கள். ஒரே மாடல் பெயரில் இரண்டு விதத் திரை வருவதுண்டு, விலையில் சில ஆயிரம்தான் வித்தியாசம் இருக்கும். பெட்டியின் மேலிருக்கும் முழு மாடல் எண்ணை இணையத்தில் போட்டுப் பார்த்தால் எது என்று தெரியும். கம்பெனியில் கலர் கார்டு வைத்திருப்பீர்களே, கடைக்குப் போகும்போது ஒரு சிவப்பையும் ஒரு மெரூனையும் எடுத்துப் போய்த் திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள்.

இன்னொன்று கீல். பிளாஸ்டிக் உடம்பு ஒல்லி மாடல்களில் கீல் ஸ்க்ரூ பிடிக்கிற பித்தளைக் குமிழ் சின்னதாக இருக்கும். மூடியை ஒரு மூலையைப் பிடித்தே திறந்து பழகினால் அந்தக் குமிழ் பிளாஸ்டிக்கோடு பிய்ந்து வரும். என் மேஜைக்கு வருவதில் பஞ்சுக்கு அடுத்தபடி இதுதான். எதை வாங்கினாலும் மூடியை நடுவில் பிடித்துத் திறங்கள்.

என் முடிவு இது. திரை சரியாக இருந்தால் குண்டை எடுங்கள். அரைக் கிலோ கனமான அந்த உடம்பில்தான் வெப்பம் போகவும் பஞ்சை எடுக்கவும் இடம் இருக்கிறது. உங்களுக்கு உண்மையில் பாரம் ஆகப்போவது சார்ஜர். குண்டின் சி-வகை போர்ட்டில் சார்ஜ் ஏறுமா என்று கேளுங்கள். ஏறுமானால் 100 வாட் சின்ன சார்ஜர் ஒன்றை ஆபீஸில் போட்டுவிட்டு, செங்கல்லை வீட்டிலேயே வைத்துவிடலாம். சிமுலேஷன் ஓட்டும்போது முழு வேகம் வராது, மற்ற வேலைக்குத் தாராளம்.


ஒயர்மேன் (கோபி):

பெஞ்ச் அண்ணன் சொன்னதில் ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. அலுமினிய உடம்பு லேப்டாப் என்றால் சார்ஜ் போட்டிருக்கும்போது விரல் வைத்தால் சுருசுரு என்று இருக்கும். கரண்ட் அடிக்கிறது என்று கடைக்குத் தூக்கிப் போகிறார்கள். லேப்டாப்பில் குறை இருக்காது. அடாப்டருக்குள் இரைச்சலை வடிகட்ட வைத்திருக்கும் கெபாசிட்டர் வழியாக ரொம்பச் சின்னக் கசிவு எப்போதும் இருக்கும். எர்த் சரியாக இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும், இல்லாவிட்டால் உங்கள் கை வழியாகப் போகும். எங்கள் பக்கம் தோட்டத்து வீடுகளில் கோடை வந்தால் எர்த் குழி காய்ந்து கிடக்கும். குழியில் தண்ணீர் ஊற்றினாலே பாதிப் பேருக்குச் சரியாகிவிடுகிறது. மூன்று பின் ஒயரை இரண்டு பின் கன்வெர்ட்டரில் சொருகி ஓட்டாதீர்கள்.

வோல்டேஜ் ஏறி இறங்குவதற்கு ரொம்பப் பயப்பட வேண்டாம். அடாப்டரில் 100 முதல் 240 வரை என்று போட்டிருக்கும், குறைந்த வோல்டேஜில் ஓடிக்கொள்ளும். இடி மின்னல் நேரத்தில் மட்டும் பிடுங்கி வையுங்கள். வீட்டு இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் என்றால் அடாப்டர் முனகும், சூடாகும். சைன் வேவ் என்றால் ஒரு தொல்லையும் இல்லை.


நூல்கண்டு (பல்லடம்):

எல்லோருக்கும் ரொம்ப நன்றி, குறிப்பாக பெஞ்ச் அண்ணாவுக்கு. ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு கோயம்புத்தூர் போய் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கலர் கார்டும் எடுத்துப் போனேன்.

ஒல்லியில் கண்ட்ரோல் பேனல் 45 வாட் என்றது. குண்டில் 105. கடைத் தம்பிக்கே அது தெரியவில்லை, அவரும் போனில் படம் எடுத்துக்கொண்டார்.

சிவப்பு கார்டைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்ததும் அப்பாவே சொல்லிவிட்டார், ஒல்லியில் இருப்பது வேறு துணி என்று. கார்டில் இருந்தது நல்ல ரத்தச் சிவப்பு, திரையில் கொஞ்சம் ஆரஞ்சு ஏறி வெளுத்துத் தெரிந்தது. மெரூன் இன்னும் மோசம். பிரைட்னஸைக் கூட்டினோம், வெளிச்சம் கூடியதே தவிரக் கலர் வரவில்லை. குண்டில் இரண்டு மாடல் எண் இருந்தது. டிஸ்ப்ளேயில் இருந்தது நூறு சதவீதம் எஸ்ஆர்ஜிபி, ஸ்டாக்கில் இருந்தது மற்றது. சரியானதை வரவழைத்துத் தருவதாகச் சொன்னார்கள், காத்திருக்கிறேன். சி போர்ட்டில் சார்ஜ் ஏறுகிறது, கடையில் இருந்த சார்ஜரைப் போட்டே பார்த்தோம்.

ராம் 16 ஜிபி ஒரே குச்சியாக இருக்கிறது, இன்னொரு இடம் காலி. அப்படியே விடலாமா? கூலிங் பேட் ஒன்று இலவசமாகத் தருகிறேன் என்கிறார்கள், வாங்கிக்கொள்ளட்டுமா? பஞ்சை நானே சுத்தம் செய்ய முடியுமா? பக்கத்துக் கடையில் ப்ளோயர் வைத்து ஊதித் தருகிறார்கள், அது போதுமா?


கிராஸ்கட் (கோவை):

ராம் பற்றி நான் சொல்கிறேன். ஒரே குச்சி என்றால் சிங்கிள் சேனல், அதாவது ராமுக்குப் போய்வர ஒரே பாதை, நிறைய விளையாட்டுகளில் ஃபிரேம் குறையும், விக்கலும் வரும். அதே வேகத்தில் இன்னொரு 16 போட்டுவிடுங்கள். க்ளோவில் பெரிய ஃபைல் திறக்கிறவர்களுக்கு 32 வீண் போகாது. இடம் காலியாக இருப்பது நல்லது. ரொம்ப மெல்லிய மாடல்களில் ராமைப் போர்டிலேயே ஒட்டிவிடுகிறார்கள், வாங்கும்போது என்னவோ அதுதான் கடைசி வரை.


பெஞ்ச் (ஈரோடு):

சரியான திரைக்காகக் காத்திருப்பது ரொம்ப நல்ல முடிவு. பெட்டி வந்ததும் சீல் உடைக்கும் முன் மாடல் எண்ணை எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள். பில்லிலும் சீரியல் நம்பரோடு எழுதச் சொல்லுங்கள். வாரண்டி வீட்டுக்கு வந்து பார்ப்பதா, நாம் தூக்கிப் போக வேண்டியதா என்று பல்லடம் பின்கோடைச் சொல்லிக் கேளுங்கள். ராம் போட, சுத்தம் செய்ய அடிக் கவரைக் கழற்றினால் வாரண்டி போகுமா என்பதையும் அந்தக் கம்பெனியின் நம்பருக்கே அழைத்துக் கேட்டுவிடுங்கள்.

கூலிங் பேட் வேண்டாம். வீட்டில் என்றால் இரண்டு மூன்று டிகிரி குறையும், அதைப் பின்பக்கம் இரண்டு கட்டையை வைத்துத் தூக்கினாலே அடைந்துவிடலாம். ஆபீஸிலோ அது டேபிளில் கிடக்கிற பஞ்சையெல்லாம் அள்ளி நேராக ஃபேனுக்குள் ஊதும். இலவசம் என்றாலும் நிட்டிங் பக்கத்தில் வைக்காதீர்கள். அதற்குப் பதில் வேறொன்று கேளுங்கள், ஒரு நல்ல பை கொடுப்பார்கள். ஆபீஸில் வேலை இல்லாத நேரம் மூடி பைக்குள் வையுங்கள். ஸ்லீப்பில் போடாமல் ஷட் டவுன் செய்துவிட்டு வையுங்கள், பைக்குள் தானாக விழித்துக்கொண்டு வெந்துபோன லேப்டாப்பும் என்னிடம் வருகிறது.

ப்ளோயரில் ஊதினால் போதுமா என்றால், கவரைத் திறக்காமல் ஊதுவது கெடுதல்தான். அந்தப் பட்டை வெளியே வராது, நகர்ந்து ஃபேன் இறக்கைக்குள் சிக்கும். ஃபேனும் அதன் அளவுக்கு மீறிய வேகத்தில் சுற்றி பேரிங் போகும்.

நீங்களே செய்யலாம், தையல் மிஷின் ஸ்க்ரூ கழற்றத் தெரிந்த கைக்கு இது பெரிய வேலை இல்லை. ஷட் டவுன் செய்து சார்ஜரைப் பிடுங்குங்கள். அடிப்பக்க ஸ்க்ரூ ஒவ்வொன்றும் ஒரு நீளம் இருக்கும், ஒரு வெள்ளைத் தாளில் லேப்டாப் மாதிரி கட்டம் போட்டு எந்த இடத்து ஸ்க்ரூவோ அந்த இடத்தில் வையுங்கள். நீள ஸ்க்ரூவைக் குட்டை இடத்தில் முறுக்கினால் போர்டிலோ கீபோர்டிலோ குத்திவிடும். பழைய ஏடிஎம் கார்டை ஓரத்தில் விட்டு கிளிப்பைத் தளர்த்துங்கள். கவர் வந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. அதற்கு முன் வேறெதையும் தொடாதீர்கள். அப்புறம் ஃபேனைக் கழற்றி எடுத்துவிட்டு, செம்புத் தகடு ஆரம்பிக்கும் இடத்தில் அடைந்திருக்கிற பஞ்சை இடுக்கியால் எடுங்கள். மீதியைப் பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டுங்கள். செம்புக் குழாயையும் சிப் மேல் இருக்கிற தகட்டையும் கழற்ற வேண்டாம். அது தெர்மல் பேஸ்ட் மாற்றும்போது செய்கிற வேலை, அதற்கு என்னைப் போன்ற ஒருவரிடம் கொடுங்கள். உங்கள் ஆபீஸ் நிலைமைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பஞ்சு எடுத்தால் போதும். வீட்டில் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு வருடத்துக்கு ஒருமுறையே அதிகம்.

வெயில் காலத்து ராத்திரிக்கு இரண்டு வேலை. என்விடியா கண்ட்ரோல் பேனலில் மேக்ஸ் ஃபிரேம் ரேட்டை 60ல் நிறுத்துங்கள். எல்டன் ரிங் தானே நின்றுகொள்ளும், மற்ற விளையாட்டுகள் வீணாக 120 வரை ஓடிச் சூடேற்றாது. தம்பி வாலரன்ட் ஆடும்போது மட்டும் அதை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சண்டைக்கு வருவான். அடுத்தது, விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸில் மேக்ஸிமம் பிராசஸர் ஸ்டேட் என்பதை 99 ஆக்குங்கள். சிபியு டர்போ வேகத்துக்குத் தாவுவது நின்றுவிடும், சூடு கண்கூடாக இறங்கும், விளையாட்டில் இழப்பது கொஞ்சம்தான். க்ளோ ஓட்டும்போது மறுபடி 100க்குக் கொண்டுவாருங்கள். சில மாடல்களில் அந்த வரியே தெரியாது, அப்போது கம்பெனி கொடுத்திருக்கும் ஆப்பில் பாலன்ஸ்டு மோடில் போடுங்கள்.

பேட்டரியை எண்பது சதவீதத்தில் நிறுத்தும் வசதியும் அதே ஆப்பில்தான் இருக்கும், நாள் முழுக்கச் சார்ஜரில் வைத்திருக்கிறவர்கள் முதல் நாளே அதை ஆன் செய்துவிட வேண்டும். சூட்டிலும் நூறு சதவீதத்திலும் மாதக்கணக்கில் கிடந்தால் பேட்டரி உப்பும். டச்பேட் லேசாக மேலே எழும்பியது போலவோ, அழுத்தினால் கிளிக் ஆகாதது போலவோ தோன்றினால் அன்றைக்கே சார்ஜரைக் கழற்றிவிட்டு எடுத்து வாருங்கள்.


நூல்கண்டு (பல்லடம்):

குறித்துக்கொண்டேன் அண்ணா. பேட்டரியில் எவ்வளவு நேரம் நிற்கும் என்றும் சொல்லிவிடுங்கள். பையர் ஆபீஸில் பிளக் பாயின்ட் தேடிக்கொண்டிருக்க முடியாது.


பெஞ்ச் (ஈரோடு):

பெட்டியில் வாட்-அவர் போட்டிருக்கும். 60 என்று வைத்துக்கொண்டால், படம் காட்டுவது, மெயில் பார்ப்பது போன்ற வேலைக்கு 12 வாட் இழுக்கும், ஐந்து மணி நேரம் வரும். அங்கேயே சிமுலேஷன் ஓட்டினால் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும், பேட்டரியில் கிராஃபிக்ஸ் வேகமும் பாதியாகக் குறையும். அதனால் துணி விழுகிற காட்சியை ஆபீஸிலேயே ஓட்டி வீடியோவாக எடுத்துக்கொண்டு போங்கள். போகிற அன்றைக்கு மட்டும் அந்த எண்பது சதவீதத்தை எடுத்துவிட்டு முழுச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளுங்கள்.